எட்டிழைக் கயிறு

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. மற்ற நாள்களில் தெருமுனை திரும்பும்போதே காதில் விழத் தொடங்கும் தறியோசை அன்று அடங்கிக் கிடக்கும். நெசவாளர் வீடுகளில் காலையில் தலை முழுகி, முன்னோருக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, பிறகு பெரும்பாலும் உறங்குவார்கள். என் தாத்தாவும் ஆயாவும் மட்டும் உறங்குவதில்லை. காக்கை சோற்றில் வாய் வைத்த அடுத்த கணம் அவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். மாதம் முழுவதும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் தாத்தா. அவருக்குப் பக்கத்தில் ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றுபவள் ஆயா. நடப்பதற்கென்று இருவருக்கும் மாதத்தில் ஒரு நாள்தான் வாய்த்தது. அதை அவர்கள் வீணாக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு நானும் தங்கையும் சென்னையிலிருந்து வந்திருக்கும் காலத்தில் அந்த ஒரு நாளுக்கு எங்களையும் அழைத்துச் செல்வார்கள். கமண்டல நாகநதியின் வறண்ட மணலில் ஆயா முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, சுரக்கும் நீரை முதலில் தாத்தாவின் முகத்தில் அடிப்பாள். ஏரிக்கரைப் புளியமரத்தில் தாத்தா ஏறுவார். கீழே நிற்கும் ஆயா எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று கட்டளையிடுவாள். அறுபதை நெருங்கிய இருவர் அப்படி விளையாடுவதைப் பார்த்துத் தங்கை கைதட்டுவாள். நான் கைதட்டியதில்லை. கிளை ஒடிந்தால் யாரை அழைப்பது, மருத்துவமனை எத்தனை தொலைவு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. கவலைப்படுவதை அறிவுடைமை என்று நினைத்திருந்தேன்.

தங்கைக்கு அப்போது ஐந்து வயது. பேரன் பேத்தி எடுத்து, சென்ற மாதம் அவள் இறந்தபோது நான் அறையில் இல்லை. மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்துக்குப் போயிருந்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இது அந்த ஐந்து வயதுக்காரியைப் பற்றியது.

நகரும் எதையும் பின்தொடர்ந்து போவது அவள் வழக்கம். எறும்பு, கோழிக்குஞ்சு, பலூன்காரர், ஒருமுறை கல்யாண ஊர்வலம் ஒன்று. அழமாட்டாள், தான் தொலைந்திருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. எங்களை ஆரணியில் விட்டுத் திரும்பும்போது அம்மா பேருந்தின் சன்னல் வழியே என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: பாப்பாவை விட்டுவிடாதே. தன் தாய் தந்தையிடம் சொல்ல வேண்டியதை அவள் ஏன் என்னிடம் சொன்னாள் என்பதை நான் ஆராயவில்லை. பெருமையாக இருந்தது. அன்று தொடங்கியது என் அச்சம்.

தறி ஓடும் நாள்களில் நான் தறியருகே அமர்ந்திருப்பேன். நெடுக்காக ஓடும் பாவில் எங்கேனும் ஓர் இழை விட்டுப்போனால் தாத்தா குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்திவிட்டு, இழையின் நுனியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உருட்டுவார். அவர் கண்கள் அப்போது சுவரைப் பார்த்திருக்கும். தானாக இற்று அறுந்த இழையின் நுனி பஞ்சுபோலப் பிரிந்திருக்குமாம். கத்தி பட்டதென்றால் மொட்டையாக இருக்கும். முடிச்சு நழுவியதென்றால் நுனி முழுமையாகவே இருந்து, முடிச்சு இருந்த இடம் மட்டும் சுருண்டிருக்கும். அவர் உருட்டிப் பார்த்துச் சொல்வார். ஆயா குனிந்து கண்ணால் பார்த்து ஆமாம் என்பாள். அது எனக்கு ஒரு வித்தையாகத் தெரிந்தது. வித்தை என்பது பார்த்து மகிழ்வதற்கு மட்டும்தான் என்றும் எண்ணியிருந்தேன்.

அந்த அமாவாசைக்குப் போளூர்ப் பக்கத்தில் சமணர் கோயில் இருக்கும் திருமலை என்று முடிவாயிற்று. முதல் நாள் மாலை தாத்தா ஒரு காரியம் செய்தார். புடவையை அறுத்தெடுத்த பின் தறியில் மிஞ்சும் நூலில் எட்டு இழைகளைப் பிரித்தெடுத்து, தொடைமேல் வைத்து உருட்டி முறுக்கிக் கயிறாக்கினார். அரக்கும் பச்சையும் கலந்த, வைக்கோல் தடிமன்கூட இல்லாத கயிறு. ஆறு முழ நீளம். காலையில் அதன் ஒரு நுனியைத் தங்கையின் இடது மணிக்கட்டிலும் மறு நுனியை என் வலது மணிக்கட்டிலும் கட்டினார். பாவு இழைகளைப் பிணைக்கும் அதே முடிச்சு. இழுத்தால் இறுகும், வால் நுனியைப் பின்னுக்குத் தள்ளினால் சொன்னபடி அவிழும். தள்ளும் வழியை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே பார்த்து வைத்திருந்தேன்.

ஆயா கட்டுச்சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: “இன்னாங்க, புள்ளைங்கள இப்பிடி கட்டி இட்டுகினு போறீங்க, சந்தைக்கா?”

“சிரிக்காதமே. எட்டு இழை. என் கையால முறுக்கினது. யானைய கட்னாலும் தாங்கும். இது அறுந்துதுன்னு வையி, நான் தறியில உக்கார மாட்டேன்.”

“வார்த்தைய வுட்டுட்டீங்க. பாப்பா, நீதான் சாட்சி.”

பாப்பா சாட்சியாக இருக்க ஒப்புக்கொண்டாள்.

போளூர்ப் பேருந்தில் நடத்துநர் எங்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு, “கன்னுக்குட்டிக்கும் டிக்கெட் எடுக்கணும் தம்பி” என்றார். பேருந்து முழுவதும் சிரித்தது. வடமாதிமங்கலத்தில் இறங்கி நடக்கும் வழியில், கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, முட்டிவிடப் போகிறது, பார்த்து ஓட்டு என்றார்கள். தங்கை உடனே தலையைக் குனிந்து முட்டுவதுபோல் ஓடிக் காட்டினாள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்த ஒருவனுக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கில்லை. மலையடிவாரம் வருவதற்குள் அந்த மெல்லிய நூல் என் மணிக்கட்டில் விலங்குபோல் கனக்கத் தொடங்கியிருந்தது.

மலையில் அன்று எங்களைத் தவிர யாருமில்லை. பாறையில் செதுக்கிய நெடிய தீர்த்தங்கரரை அண்ணாந்து பார்த்துவிட்டு, நிழலில் அமர்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் ஆயாவின் கண் பாறைச் சரிவில் இருந்த களாச்செடியின்மேல் விழுந்தது. செடி விளிம்புக்கு அப்பால் காய்த்திருந்தது. வேண்டாம் என்று தாத்தா சொல்லவில்லை. தம் மேல்துண்டை அவள் இடுப்பில் சுற்றி, இரு முனைகளையும் கையில் முறுக்கிப் பிடித்து, ஒரு பாறையில் காலை ஊன்றிக்கொண்டார். ஆயா வெளியே சாய்ந்தாள். “கெட்டியா புடிங்க, அப்புறம் வேற பொண்ணு பாத்துக்கலாம்னு நெனைக்காதீங்க!” என்ற அவள் குரலும் தாத்தாவின் சிரிப்பும் பாறையில் மோதித் திரும்பின. நான் திரும்பிக்கொண்டேன். எங்களைக் குகை வாசல் நிழலிலேயே இருக்கும்படி சொல்லியிருந்தார்கள்.

குகைக்குள் குறுகலான படிகள் மேலேறின. அங்கே கூரையில் பழைய ஓவியங்கள் இருப்பதாகத் தாத்தா வழியில் சொல்லியிருந்தார். தங்கை வர மறுத்தாள். உள்ளிருந்து வந்த வௌவால் வாடை அவளுக்குப் பிடிக்கவில்லை. இழுத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். கயிறு என்னை வாசலிலேயே நிறுத்தியது. வால் நுனியைப் பின்னுக்குத் தள்ளினேன். அவிழ்ந்தது. அந்த நுனியை அவளுடைய வலது கையில் கொடுத்து, விரல்களை மூடி, இதை விடாமல் பிடித்துக்கொண்டிரு, நான் பிடித்திருப்பதுபோலவேதான், இதோ வந்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள்.

உள்ளே வட்டம் வட்டமாக ஏதோ வரைந்திருந்தது. பாதி உதிர்ந்த நிறங்களுக்கிடையே வரிசையாக மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணினேன். எண்ணிக்கை தவறியது, மறுபடி எண்ணினேன். வெளியே வந்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. தங்கை இருந்த இடத்தில் புளியங்கொட்டை இரண்டு கிடந்தன.

உடனே நான் கூவியிருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை நான் எனக்குள் திருத்தியும் மாற்றியும் பார்த்திருக்கிறேன், அது மாறுவதில்லை. நான் கூவவில்லை. யாரும் அறியுமுன் கண்டுபிடித்துவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும் என்று கணக்கிட்டேன். சிலைக்குப் பின்புறம் பார்த்தேன். பாறை இடுக்குகளில் பார்த்தேன். நீர் தேங்கிய ஒரு சுனை இருந்தது. அதன் விளிம்பில் மண்டியிட்டு, பாசி படிந்த நீருக்குள் அரக்கும் பச்சையுமாக ஏதேனும் தெரிகிறதா என்று பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடியே, என்ன சொல்வது என்பதைத் தீர்மானித்தேன். அதன் பிறகுதான் ஓடினேன்.

ஆயா முந்தானை நிறையக் களாக்காயோடு நின்றிருந்தாள். “பாப்பாவைக் காணோம்” என்றதும் முந்தானையை விட்டுவிட்டாள். காய்கள் சரிவில் உருண்டு போகும் ஓசை சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நூலு இன்னாடா ஆச்சு?” என்று தாத்தா கேட்டார்.

“அறுந்து போச்சு தாத்தா.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, “நீ கீழ எறங்கிப் பாருமே, ஜல்தி. நான் மேல போறேன்” என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, மலையுச்சிக்குப் போகும் படிகளில் ஏறத் தொடங்கினார். ஆயா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

அந்த இறக்கம் நெடுக ஆயா பாப்பா, பாப்பா என்று அழைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறை அழைத்த பின்னும் நின்று கேட்பாள். மேலே எங்கிருந்தோ தாத்தாவின் அழைப்பு வரும். இரண்டு அழைப்புகளுக்கும் இடையே எதுவும் வராது. வெயில் மஞ்சளாகி, படிகளின் ஓரத்தில் எங்கள் நிழல்கள் நீளத் தொடங்கின. அன்று நிலா இல்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நெசவாளர்கள் ஊர் சுற்றக் கிளம்புவது நிலாவே வராத நாளில் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. இருட்டினால் முற்றிலும் இருட்டிவிடும். அம்மா பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவதையும், அவளுக்கு முன்னால் நான் தனியே நிற்பதையும் பலமுறை பார்த்தேன். அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். என்னிடம் இருந்த விடையும் ஒன்றுதான்; அறுந்து போச்சு. சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அது ஏறத்தாழ உண்மையாகவே ஆகியிருந்தது.

அடிவாரத்தில் மாட்டை ஓட்டி வந்த ஒருவர், குழந்தை எதையும் பார்க்கவில்லை என்றார். கோயில் வாசலில் ஆளில்லை. ஆயா தெருவில் நடந்துகொண்டே வீடு வீடாகக் கேட்டாள். மூன்றாவது வீடா, நான்காவதா, நினைவில்லை. உள்ளிருந்து நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வெளியே வந்தார்.

“பாவாட சட்ட போட்ட கொழந்தையா? உள்ள வாங்கம்மா. கோயில் படியாண்ட மயில் பின்னாடியே போய்கினு இருந்துது. கூட இருக்கிறவங்க கீழதான் வருவாங்கன்னு இட்டாந்துட்டேன். பொழுது சாஞ்சா எங்க வூட்ல யாரும் சாப்பிடமாட்டோம். அதான், நீங்க வர்றதுக்குள்ள ரெண்டு வாய் ஊட்டிடலாம்னு பார்த்தேன்.”

அவர்கள் சமணர்கள். விளக்கு வைக்கும் முன் உணவு முடிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் நெறி. நாங்கள் மலை முழுவதும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் தங்கை கூடத்தில் சம்மணமிட்டு, கதிரவனுக்கு முந்திக்கொண்டு தயிர்ச்சோறு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். ஆயா அவளைத் தூக்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த வீட்டுப் பெண்மணி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

யாரோ ஓடிப்போய்க் குரல் கொடுத்துத் தாத்தாவை இறக்கி அழைத்து வந்தார்கள். அவர் வேட்டி முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. அவர் நேரே தங்கையின் முன் மண்டியிட்டார். அவளுடைய இடது மணிக்கட்டில் கயிறு இருந்தது. மறு நுனி அவள் வலது கைக்குள் இருந்தது. அந்தக் கையை அவள் மூடியே வைத்திருந்தாள். அதனால்தான் சோற்றைப் பிசைந்து உண்ண முடியாமல் ஊட்டிவிடச் சொல்லியிருக்கிறாள்.

தாத்தா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நுனியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உருட்டினார். அவர் கண்கள் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தன.

“நான் வுடவே இல்ல தாத்தா” என்றாள் தங்கை.

“தெரியும் கண்ணு.”

ஆயா எழுந்து வந்தாள். அச்சம் விலகிய இடத்தில் கோபம் வந்து அமர்ந்திருந்தது. “யானைய கட்னாலும் தாங்கும்னீங்களே. அஞ்சு வயசுக் கொழந்தைய கட்ட வக்கில்லை. இன்னா ஆச்சு உங்க எட்டு இழை?”

தாத்தா தங்கையின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். “அறுந்து பூட்ச்சு. இத்துப்போன நூலு. பாத்து எடுத்திருக்கணும். எந் தப்பு.”

“அப்ப நாளைக்குத் தறியில உக்கார மாட்டீங்க.”

“நீ உக்காரு. நான் தார் சுத்துறேன்.”

அந்த வீட்டுப் பெண்மணி சிரித்துவிட்டார். ஆயாவும், அழுதுகொண்டே, சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

விடுமுறை முடிந்து எங்களை அழைத்துப்போக வந்த அம்மாவிடமும் தாத்தா அதையே சொன்னார். இற்ற நூல், என் தவறு. அம்மா தன் தந்தையிடம் குரல் உயர்த்தியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இனிப் பிள்ளைகளை வீட்டைவிட்டு எங்கும் கூட்டிப்போகக்கூடாது என்றாள். அவர் சரி என்றார். அடுத்தடுத்த கோடைகளில் அமாவாசைகள் வந்தன, தறியோசை அடங்கியது, காக்கை வந்தது. அவர்கள் இருவரும் எங்களோடு கூடத்தில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார்கள். ஆயா அடிக்கடி தெருப்பக்கம் பார்ப்பாள். உறவினர் கூடும் இடமெல்லாம், இவர் நூல் முறுக்கின லட்சணம் தெரியுமா என்று அவள் தொடங்குவாள். எல்லோரும் நெசவாளர்கள், தான் முறுக்கிய நூல் அறுந்தது என்று ஒருவன் தன் வாயால் சொல்வது எத்தகையது என்று அறிந்தவர்கள். அதனால்தான் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். தாத்தா மறுத்ததே இல்லை.

தங்கையும் வளர்ந்த பின் அந்தக் கதையைச் சொல்வாள், தன் பேரக்குழந்தைகளுக்கு. அவள் சொல்லும் கதையில் தாத்தா பெருமை பேசும் கோமாளி, மயில் பச்சையும் நீலமும், தயிர்ச்சோறு தேவாமிர்தம். கயிறு அறுந்த இடத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஆமாம்தானே என்பதுபோல். ஐந்து வயதில் கண்டதைவிட ஐம்பது ஆண்டுகள் வீட்டில் கேட்டது அவளிடம் உறுதியாகத் தங்கிவிட்டிருந்தது. நான் தலையாட்டுவேன். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறர் எழுதிய ஆய்வேடுகளில் பிழை காண்பதை முப்பது ஆண்டுகள் தொழிலாகச் செய்தவன் நான். என் பொய்யில் இருந்த பிழை என் கண்ணில் பட்டது தாத்தா மறைந்து நெடுநாள் கழித்துத்தான். கயிறு அறுந்திருந்தால், என் மணிக்கட்டில் ஒரு வளையம் மிஞ்சியிருக்க வேண்டும்.

தங்கை கிடைத்த அன்று மாலை திருமலையிலிருந்து சாலைக்கு நடந்து வந்தோம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆயா தங்கையைத் தூக்கிக்கொள்ள முயன்றாள். அவள் நடக்கத்தான் செய்வேன் என்றாள். தாத்தா நின்றார். மடியிலிருந்து கயிற்றை எடுத்து, ஒரு நுனியைத் தங்கையின் மணிக்கட்டில் கட்டினார். மறு நுனியோடு ஒருகணம் யோசித்து நின்றார். அதை அவர் தம் கையில் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். ஆயாவும் அப்படித்தான் எதிர்பார்த்தாள், “அத்த இன்னொரு தபா நம்பறீங்களா?” என்றாள். அவர் என் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டில் கட்டினார். அதே முடிச்சு. தள்ளினால் அவிழும் வால் நுனி என் உள்ளங்கைப் பக்கமே இருந்தது. இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இருட்டில் எனக்குத் தங்கை தெரியவில்லை. கயிறு மட்டும் அவ்வப்போது மெல்ல இழுபட்டது. தாத்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற நிம்மதியில், பேருந்து நிற்கும் இடம் வரை நான் மிக இலேசாக நடந்து வந்தேன்.